பதிவேடுகளும் பாட்டாளிகளும்: இத்தாலியக் குடியகல்வோர் குடும்பங்களின் தடந்தேடல் பற்றிச் சில குறிப்புகள்

வரலாற்றிலே பெயரின்றி மறைந்த உழைக்கும் மக்களின் வாழ்க்கையை எழுத முற்படுவோர் எதிர்நோக்கும் முதற் பிரச்சினை சான்றாதாரம் பற்றியதாகும். மன்னரும் மதகுருமாரும் நிலவுடைமையாளரும் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்தனர், அல்லது எழுதுவித்தனர். கூலி விவசாயியைப் பற்றியும் ஆலைத் தொழிலாளியைப் பற்றியும் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பிறர் எழுதியவை. அதிலும், அவர்களிடமிருந்து எதையோ பெற விரும்பியோர் எழுதியவை. வரி, படைச்சேவை, கப்பற் கட்டணம், உழைப்பு ஆகியவற்றுள் ஏதோவொன்று வேண்டப்பட்டபோதுதான் ஏழையின் பெயர் ஏட்டில் ஏறிற்று. எனவே, பழைய பொதுப் பதிவுகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் தடத்தைத் தேடுபவர், அக்குடும்பத்தை மாத்திரமன்றி, அதனிடம் கைநீட்டிய நிறுவனங்களையும் தேடுகிறார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கருத்தைப் பரிசீலிப்பதற்கு இத்தாலியக் குடியகல்வைப்போற் பொருத்தமான களம் பிறிதொன்று அரிது. 1876 முதல் 1915 வரையுள்ள நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் புறப்பாடுகள் அந்நாட்டு உத்தியோகபூர்வப் புள்ளிவிவரங்களிற் பதிவாகியுள்ளன. 1913ஆம் ஆண்டில் மட்டும் 872,598 பேர் புறப்பட்டனர். இவர்களுட் பலர் திரும்பினர். திரும்பியோருட் பலர் மீண்டும் புறப்பட்டனர். ஆகவே புறப்பாடுகளின் தொகையே மனிதரின் தொகை என்று கொள்ளலாகாது. 1861இல் ஒன்றிணைக்கப்பட்ட இத்தாலிய அரசு, வடபகுதிக் கைத்தொழிலின் நலனுக்காகத் தென்பகுதி விவசாயத்தைப் பலிகொடுத்த வரலாறு நன்கறியப்பட்டது. 1869 முதல் 1884 வரை நடைமுறையிலிருந்த மாவரைப்பு வரி ஏழையின் உரொட்டியிலேயே கைவைத்தது. 1880களில் அமெரிக்கத் தானியம் ஐரோப்பியச் சந்தையை நிரப்பியமையும், பிரான்சுடனான சுங்கவரிப் போரினால் தென்னகத்துத் திராட்சைமது விலைபோகாமையும் சிறுவிவசாயியை நிலத்திலிருந்து பெயர்த்தன. சிசிலியில் எழுச்சிகொண்ட ‘ஃபாஷி’ என்னும் விவசாயிகள் தொழிலாளர் இயக்கத்தை 1894இல் கிறிஸ்பி அரசாங்கம் படைகொண்டு நசுக்கிற்று. போராட்டத்தின் வழி அடைபட்டபோது கப்பலின் வழி திறந்திருந்தது.

இப்பதிவுகளை அணுகுவோரிடையே இரு போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, குடும்ப மரம் வரைவோரின் போக்கு. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி ஆகியவற்றைச் சங்கிலியாகக் கோத்து, எங்கேனும் ஒரு பிரபுவோ குறைந்தபட்சம் ஒரு நில உடைமையாளனோ மூதாதையாக அகப்படமாட்டானா என்று தேடும் மத்தியதர வர்க்க ஆசை இதன்பின் நிற்பதுண்டு. மற்றையது, பல்கலைக்கழகங்களிலே செல்வாக்குப் பெற்றுள்ள ஐயுறவுப் போக்கு. சுவடிக்கூடம் அதிகாரத்தின் குரலையே எதிரொலிக்கும், அதனூடாக அடக்கப்பட்டோரை அணுகவே இயலாது என்பது இதன் வாதம். முன்னையது பதிவை அப்படியே நம்புகிறது. பின்னையது பதிவைப் படிக்கும் உழைப்பிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்கிறது. இத்தாலியின் தென்பிரச்சினையை 1926இல் ஆராய்ந்த கிராம்சி, பின்னர் தமது சிறைக் குறிப்புகளிலே, கீழ்நிலை வர்க்கங்களின் வரலாறு துண்டுதுண்டாகவே கிடைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவ்வர்க்கங்களின் சுயாதீன முயற்சியின் ஒவ்வொரு சுவடும் வரலாற்றாசிரியனுக்குப் பெறுமதி மிக்கது என்றே அவர் கருதினார். நாம் மேற்கொள்ளத்தக்க நிலைப்பாடு இதுவே.

இனி, பதிவுகளை நோக்குவோம். இத்தாலியக் கிராமத்துக் குடும்பமொன்றின் மிகப் பழைய தடம் கோவிலிலேயே கிடைக்கும். ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பங்குக் குருமார் பதிவுசெய்ய வேண்டுமென்று திரெந்துச் சங்கம் 1563இல் விதித்தது. 1741ஆம் ஆண்டு தொடக்கம் நேப்பிள்ஸ் இராச்சியத்தின் தலைநிலப் பகுதியில் தயாரிக்கப்பட்ட ‘கத்தாஸ்தோ ஒன்சியாரியோ’ என்னும் வரிமதிப்பீட்டேடு, வீடுவீடாக ஆட்களையும் அவர்தம் தொழிலையும் உடைமைகளையும் குறிக்கின்றது. ஒரு கோவேறு கழுதை, இரண்டு ஆடு, வாடகை வீட்டில் ஓர் அறை என இவ்வேடு கணக்கிடும்போது, வரி விதிப்பவனின் கண்ணூடாகவேனும் பதினெட்டாம் நூற்றாண்டின் கிராமத்து வர்க்க அமைப்பு துலக்கமாகத் தெரிகின்றது.

ஆனால் ஆராய்ச்சியாளருக்குப் பேருதவியாய் அமைவது குடிசார்ப் பதிவேடாகும். நெப்போலியனது ஆதிக்கக் காலத்தில், 1809 முதல், நேப்பிள்ஸ் இராச்சியத்தின் தலைநிலப் பகுதியிற் பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவுகள் கோவிலின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறின. நெப்போலியன் வீழ்ந்து பழைய பூர்பொன் முடியாட்சி மீண்டபின்னரும் அங்கு இம்முறை கைவிடப்படவில்லை. 1820இல் சிசிலிக்கும் விரிக்கப்பட்டது. புரட்சியின் பிற பேறுகளை வெறுத்த முடியாட்சி, ஆட்கணக்கின் பயனை மட்டும் உணர்ந்திருந்தது போலும். ஐக்கிய இத்தாலியில் இம்முறை 1866 தொடக்கம் பொதுவாக்கப்பட்டது. வெனெத்தோவிலும் உரோமைப் பகுதியிலும் 1871இல் நடைமுறைக்கு வந்தது. பதிவேடுகள் இரு படிகளாக எழுதப்பட்டன. ஒன்று ஊர்ச்சபையிலும் மற்றையது நீதிமன்றிலும் வைக்கப்பட்டன. இந்த இரட்டைப்படி முறையின் பயனைப் போர்க்கால இழப்பொன்றோடு ஒப்பிட்டறியலாம். 1943 செப்டெம்பர் 30ஆந் தேதி, நேப்பிள்ஸ் சுவடிக்கூடம் பாதுகாப்புக் கருதி நகருக்கு வெளியே மாளிகையொன்றில் ஒளித்து வைத்திருந்த அரிய சுவடிகளை ஜேர்மன் படையினர் எரித்தனர். எரிந்தவற்றுள் மத்தியகால அஞ்சூ வம்ச மன்னரின் பதிவேடுகள் முக்கியமானவை. அவற்றுக்கு இரண்டாம் படி இருக்கவில்லை. கூலி விவசாயியின் பிறப்புப் பதிவுக்கோ இரண்டாம் படி இருந்தது.

தெற்கின் குடிசார்ப் பதிவொன்றை எடுத்து வாசிப்போமாயின், வர்க்கம் முதல் வரியிலேயே எதிர்ப்படும். பிள்ளையின் பிறப்பை அறிவிக்கும் தந்தை கனவானாயின் அவன் பெயர்முன் ‘டொன்’ என்னும் அடைமொழி வரும்; தொழில் ‘உடைமையாளர்’ என்றிருக்கும். மற்றையோருக்கு அடைமொழி இல்லை, தொழில் ‘பிராச்சியாந்தே’. கையை மட்டுமே உடைமையாகக் கொண்ட கூலியாள் என்பது இதன் பொருள். உழைப்புச் சக்தி தவிர விற்பதற்கு வேறெதுவுமில்லாதவன் என்று அரசியற் பொருளாதாரம் வரையறுத்ததைக் கிராமத்து இலிகிதர் ஒரே சொல்லிற் பதிந்துவிட்டார். பெண்ணுக்கு ‘நூல் நூற்பவள்’ என்ற தொழில் அடிக்கடி குறிக்கப்படுகிறது. ஏட்டின் அடியிலே, எழுதத் தெரியாமையால் அறிவித்தவர் கையொப்பமிடவில்லை என்னும் வாசகம் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வருகின்றது. அக்குடும்பத்திலே எந்தத் தலைமுறையில் அவ்வாசகம் மறைந்து நடுங்கிய கையொப்பம் ஒன்று தோன்றுகிறதோ, அதுவே அக்குடும்ப வரலாற்றின் பெரு நிகழ்ச்சிகளுள் ஒன்று எனலாம். குடும்ப மரம் வரைவோர் இதனைக் குறித்துக்கொள்வதில்லை.

விவாகத்துக்கு மணமக்கள் சமர்ப்பித்த துணை ஆவணங்களின் கட்டுகள் இன்னும் பயனுடையவை. பிறப்புச் சான்றின் பிரதிகள், இறந்த பெற்றோரின் மரணச் சான்றுகள் ஆகியன இவற்றில் அடங்கும். தந்தை இறந்திருப்பின் தந்தைவழிப் பாட்டனின் சம்மதம் தேவைப்பட்டதால், பாட்டனும் இறந்துவிட்டதற்கான சான்றும் வைக்கப்பட்டது. குடும்ப அதிகாரம் ஆண்வழியிற் கைமாறும் நிலவுடைமைச் சட்டமொன்றின் நிபந்தனை, இன்று மூன்று தலைமுறையை ஒரே கட்டிற் காட்டித் தருகின்றது. இதற்கு மாறாக, பெற்றோரறியாது கைவிடப்பட்ட குழந்தையின் தடம் பின்னோக்கிச் செல்லாது. நேப்பிள்ஸ் அனுன்சியாத்தா மருத்துவமனையின் சுவரிலே 1875 வரை இயங்கிய சுழற்பெட்டியில் இரவோடிரவாக வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ‘எஸ்போசித்தோ’, அதாவது ‘வெளியே இடப்பட்டவன்’, என்று குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. மிலானில் அத்தகையோர் மருத்துவமனைச் சின்னமாகிய புறாவின் பெயரால் ‘கொலொம்போ’ ஆயினர். வறுமையின் தழும்பு குடும்பப் பெயராக நிலைபெற்று, அட்லாண்டிக் சமுத்திரத்தையுங் கடந்து சென்றது.

அரசு மிகக் கவனமாகத் தேடியது இளைஞனையே. ஒவ்வொரு பிறப்பாண்டுக்குமுரிய ஆண்மக்கள் அனைவரும், இருபது வயதையொட்டி, படைச்சேர்ப்புப் பட்டியலில் இடம்பெற்றனர். பெற்றோர் பெயர், உயரம், தொழில், எழுத்தறிவு என விரியும் இப்பட்டியல்கள் அரச சுவடிக்கூடங்களில் உள்ளன. அழைப்புக்கு வராதவன் ‘ரெனித்தெந்தே’ எனக் குறிக்கப்பட்டான். இச்சொல்லைக் காணுமிடத்துப் பலவேளைகளில் நாம் கடல்கடந்த ஒருவனைக் காண்கிறோம். வேர்கா 1881இல் வெளியிட்ட ‘மலவோலியா குடும்பம்’ என்னும் நாவலிலே, மூத்த பேரன் படைச்சேவைக்கு இழுக்கப்படுவதுடனேயே அம்மீனவக் குடும்பத்தின் வீழ்ச்சி ஆரம்பமாகின்றது. அந்நாவலைப் படித்தபின் படைச்சேர்ப்புப் பட்டியலைப் படிப்போருக்கு அதன் கட்டங்கள் வெறுங் கட்டங்களாகத் தோன்றா.

துறைமுகத்துக்கு வருவோம். குடும்பப் பெயரை நியூயோர்க்கின் எலிஸ் தீவிலிருந்த அதிகாரி மாற்றிவிட்டார் என்னும் கதை அமெரிக்க இத்தாலியர் பலரின் வீடுகளில் வழங்குகின்றது. இக்கதைக்கு ஆதாரமில்லை. பிரயாணிகள் பட்டியல் நியூயோர்க்கில் எழுதப்பட்டதன்று. நேப்பிள்ஸ், பலேர்மோ, ஜெனோவா ஆகிய துறைமுகங்களிற் கப்பற் கம்பனியின் இலிகிதர்களே அதனைத் தயாரித்தனர். தீவின் பரிசோதகர், கையிலுள்ள பட்டியலோடு ஆளை ஒப்புநோக்கினார், மொழிபெயர்ப்பாளரும் உடனிருந்தனர். பின்னாளில் நியூயோர்க் நகர மேயராக விளங்கிய ஃபியொரெல்லோ லா குவார்டியா, 1907 முதல் 1910 வரை அங்கு மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவரே. அனுமதி மறுக்கப்பட்ட பிரயாணியைத் தன் செலவில் திருப்பிக் கொண்டுசெல்லக் கம்பனி கடமைப்பட்டிருந்தது. பட்டியலின் துல்லியம் மனிதாபிமானத்தின் விளைவன்று. இலாப நட்டக் கணக்கின் விளைவாகும். பெயர்கள் மாறியது பின்னரே. சம்பளப் பட்டியல் எழுதிய மேற்பார்வையாளரின் கையிலும், பாடசாலை ஆசிரியரின் வாயிலும், வேலை கிடைக்குமென்று தொழிலாளியே தன் பெயரைச் சுருக்கிக்கொண்ட தருணத்திலும் அவை மாறின. அதிகாரி மாற்றினான் என்ற கதை ஏன் நிலைபெற்றது? வேலைத்தலத்தில் அன்றாடம் நிகழ்ந்த அவமதிப்பை ஒரே நாளில், ஒரே முகமற்ற அதிகாரியின்மீது ஏற்றிவிடுவது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல எளிதாயிருந்திருக்கலாம்.

இப்பட்டியல்களின் கேள்விகள் ஆண்டுக்காண்டு பெருகின. பிரயாணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார், கையிலுள்ள பணம் எவ்வளவு, யாரிடம் செல்கிறார் என்பன கேட்கப்பட்டன. 1907இன் சட்டத்தின்பின் ஊரிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் சேர்க்கப்பட்டன. தடந்தேடுவோருக்கு இக்கடைசிக் கட்டம் பொன்னானது. ஒரு வரியிற் கடலின் இருகரையும் இணைகின்றன. ஒரே கிராமத்து ஆட்கள் பதினைந்து பேர் ஒரே தெருவின் ஒரே இலக்க வீட்டுக்குச் செல்வதாகக் கூறியிருப்பின், அங்கே உறவின் வலைப்பின்னலோ, அல்லது நம்மவர் அறிந்த கங்காணியை ஒத்த ‘பத்ரோனே’யின் கையோ இருக்கக்கூடும். முதலாம், இரண்டாம் வகுப்புப் பிரயாணிகள் பெரும்பாலும் கப்பலிலேயே பரிசோதிக்கப்பட்டு நேராக நகருக்குட் சென்றனர். தீவின் வரிசையில் நின்றோர் அடித்தட்டுப் பிரயாணிகள்.

இன்னொரு கட்டம் ‘இனம்’ பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குடிவரவு நிருவாகம் இத்தாலியரை வட இத்தாலியர், தென் இத்தாலியர் என இரு இனங்களாக வகுத்தது. 1911இல் வெளியான டில்லிங்ஹம் ஆணைக்குழு அறிக்கையின் ‘இனங்களின் அகராதி’ இப்பாகுபாட்டுக்கு அறிவியற் சாயல் பூசிற்று. அதன்படி, போ நதிப் படுகையைச் சேர்ந்தோரே வடக்கர். இத்தாலியின் வடமேற்கிலுள்ள ஜெனோவாவின் மக்கள்கூட ‘தென் இத்தாலியர்’ ஆயினர்! வடபகுதி முதலாளித்துவம் தெற்கைத் தாழ்ந்த இனமாகக் கண்ட அதே கருத்துநிலை, இங்கு அச்சிட்ட படிவமொன்றின் கட்டமாகி, ஒவ்வொரு விவசாயியின் பெயருக்கு நேரேயும் எழுதப்பட்டது.

எலிஸ் தீவின் நிலையம் 1892 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. 1897 ஜூனில் மரக்கட்டடம் எரிந்தபோது 1855 முதற்கொண்டிருந்த குடிவரவுப் பதிவுகளும் அழிந்தன. எனினும் சுங்கத் திணைக்களம் தன் தேவைக்கு வைத்திருந்த பிரயாணிகள் பட்டியல்கள் வேறிடத்தில் இருந்தமையாற் பிழைத்தன. ஒரே மனிதனிடம் இரு நிறுவனங்கள் கேள்வி கேட்டிருந்தமை அவனை மறதியிலிருந்து காத்தது.

பிரேசிலை நோக்கும்போது, பதிவின் வடிவத்தை உற்பத்தி முறை எவ்வளவு ஆழமாக நிர்ணயிக்கிறது என்பது புலனாகும். அங்கு அடிமைமுறை 1888இல் ஒழிக்கப்பட்டது. சாவோ பாவுலோ மாநிலத்துக் கோப்பித் தோட்ட முதலாளிகள், அடிமையின் இடத்தை நிரப்ப, 1880களிலிருந்தே அரச பணத்தில் ஐரோப்பியரை வரவழைத்தனர். இலைநோயால் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிந்து, உலகச் சந்தையில் ஒரு போட்டி அகன்ற காலமும் இதுவே என்பது நமது வாசகர் அறியத்தக்கது. இலவசப் பிரயாணம் தனியாளுக்கன்று, குடும்பத்துக்கே வழங்கப்பட்டது. ஆயிரம் கோப்பி மரங்களுக்கு இவ்வளவு என்று குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்து, பெண்களினதும் சிறுவரினதும் உழைப்பையும் ஒரே கூலிக்குள் அடக்குவது தோட்ட முதலாளியின் நோக்கம். இதனால் 1887இல் இயங்கத் தொடங்கிய சாவோ பாவுலோ குடிவரவோர் விடுதியின் பதிவேடுகளில், வெனெத்தோ விவசாயிகள் குடும்பம் குடும்பமாக, தலைவன், மனைவி, பிள்ளைகள், வயது என வரிசையாக நிற்கின்றனர். நியூயோர்க் பட்டியல்களிலோ, குறிப்பாகத் தொடக்க காலத்தில், தனித்த ஆண்களே மிகுதி. இருப்புப்பாதைக்கும் சுரங்கத்துக்கும் வேண்டியவை தனித் தோள்களாகும். ஒன்றைக் கண்டு வெனெத்தோவினர் குடும்பப்பற்று மிக்கவர் என்றும், மற்றதைக் கண்டு தெற்கத்தியர் குடும்பத்தைக் கைவிட்டவர் என்றும் முடிவுகட்டுவது மூலதனத்தின் தேவையை மக்களின் குணமாகக் கொள்ளும் பிழையாகும். பிரேசிற் பதிவேட்டின் ‘குடும்ப’மும் எப்போதும் குடும்பமன்று. இலவசச் சீட்டுக்காக மருமகனும் தனியாளான அயலவனும் ஒரே குடும்பத்தினராய்ச் சேர்ந்துகொண்டதுண்டு. நிலைமை மோசமானதால் இத்தகைய பிரயாணத்தை இத்தாலிய அரசு 1902இன் பிரினெத்தி ஆணையால் தடைசெய்தது.

ஐக்கிய அமெரிக்காவில் குடியேறியபின் குடும்பத்தைப் பின்தொடர்வதற்குக் குடிசன மதிப்பேடும் பிரஜாவுரிமைப் பத்திரங்களும் உள்ளன. 1900, 1910ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பு, வந்த ஆண்டையும் பிரஜாவுரிமை நிலையையும் கேட்டது. ஒரு சிறு வீட்டிலே குடும்பத்தோடு எட்டு, பத்துத் தங்குவோர் குறிக்கப்பட்டிருப்பின், அவ்வீட்டுப் பெண் அத்தனை பேருக்கும் சமைத்தும் துவைத்தும் கொடுத்திருப்பாள் என்று ஊகிப்பதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. ஆனால் அவளுடைய தொழிற் கட்டத்தில் ‘இல்லை’ என்றே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

பெண்ணின் தடம் இங்கேதான் மங்குகின்றது. இத்தாலியப் பதிவேட்டிலே அவள் பிறந்த குடும்பப் பெயரோடு பிறந்து, மணந்து, இறந்தாள். சீதன உரிமையும் வாரிசுரிமையும் அதனை வேண்டின. கப்பற் பட்டியலிலும் பெரும்பாலும் அப்பெயரே. நியூயோர்க்கில் இறங்கியதும் அவள் கணவன் பெயருக்குள் மறைகிறாள். 1906இன் சட்டத்தின்பின் கணவனது பிரஜாவுரிமைப் பத்திரம் பிறந்த ஊர், கப்பல், வந்த தேதி எல்லாம் கூறும். மனைவிக்குத் தனிப் பத்திரம் இல்லை. 1922இன் கேபிள் சட்டம் வரும்வரை கணவனின் பிரஜாவுரிமையே அவளுக்கும் உரியதாயிற்று. இதன் விளைவு இன்றும் ஓயவில்லை. இரத்த உறவின்வழி இத்தாலியப் பிரஜாவுரிமை கோரிய பேரப்பிள்ளைகளுக்கு, 1912இன் சட்டத்தின் கீழ்ப் பெண்வழி உரிமை கைமாறாது என்ற தடை இருந்தது. இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1948 ஜனவரி 1க்கு முன் தாய்வழியாகப் பிறந்தோர் நீதிமன்றை நாடவேண்டியிருந்தது. ஒரே பாட்டியின் இரு பிள்ளைகள், அத்தேதியின் இருபுறமும் பிறந்தமையால், இரு வேறு நாட்டுரிமையுடையோராயினர். 2025 மே மாதத்து 74ஆம் இலக்கச் சட்டமோ, வெளிநாட்டிற் பிறந்தோரின் கோரிக்கையைப் பெரும்பாலும் பெற்றோர், பாட்டன் பாட்டி என்னும் இரு தலைமுறைக்குள் அடைத்துவிட்டது. தன் கூலி விவசாயிகளை ஏற்றுமதி செய்து, அவர்கள் அனுப்பிய பணத்தால் அந்நியச் செலாவணிக் கணக்கைச் சரிக்கட்டிய அரசொன்று, அவர்களின் கொள்ளுப்பேரனிடம் கணக்கு முடிந்துவிட்டது என்கிறது. அக்கொள்ளுப்பேரருள் வசதி படைத்தோரும் கடவுச்சீட்டின் சந்தைப் பெறுமதியை நாடுவோரும் உளர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆவணம் உள்ளவருக்கே உரிமை என்னும் விதி, பதிவேட்டை எழுதிய கைக்கே மீண்டும் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கின்றது.

இரு பெரும் விபத்துகளை ஒப்புநோக்கினால், எங்கே தடம் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதற்கான காரணம் தெளிவாகும்.

1911 மார்ச் 25ஆந் தேதி நியூயோர்க் நகரில் ட்றயங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் மூண்ட தீ 146 தொழிலாளரின் உயிரைக் குடித்தது. பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடிவரவுக் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்கள். கத்தரீனா மல்தேசே என்னும் தாயும் அவருடைய இரு பெண்மக்களும் ஒருங்கே மாண்டனர். அடையாளங் காணப்படாத அறுவர் புறூக்ளின் மயானமொன்றில் ஒரே நினைவுக்கல்லின் கீழ்ப் பெயரின்றிக் கிடந்தனர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 2011இல், மைக்கல் ஹேர்ஷ் என்னும் ஆய்வாளர் அவ்வறுவரின் பெயர்களையும் வெளியிட்டார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். அக்காலத்துப் பல மொழிப் பத்திரிகைகளையும் மரணச் சான்றுகளையும் குடிசன மதிப்பேடுகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே அவர் இதனைச் சாதித்தார். காணாமற்போன மகளையோ சகோதரியையோ தேடி உறவினர் பத்திரிகைகளிடம் கூறிய பெயர்கள், உத்தியோகபூர்வப் பட்டியலில் இல்லாதிருந்தமையே அவருக்கு வழிகாட்டிற்று. மரியா ஜுசெப்பா லவுலெத்தி, ஜோசபின் கமராத்தா, கொன்செத்தா பிரெஸ்திஃபிலிப்போ ஆகிய மூவர் அவ்வறுவருள் இத்தாலியப் பெண்கள். 2023 ஒக்டோபரில் அவ்விடத்தில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் அவர்களின் பெயர்களும் உள்ளன.

1907 டிசெம்பர் 6ஆந் தேதி, மேற்கு வேர்ஜீனியாவின் மொனொங்கா என்னுமிடத்தில், ஃபெயர்மொன்ட் நிலக்கரிக் கம்பனியின் இரு சுரங்கங்கள் வெடித்தன. இறந்தோர் 362 என்பது உத்தியோகபூர்வத் தொகை. அவர்களுள் 171 பேர் இத்தாலியர் எனக் கணக்கிடப்பட்டது. மொலீசேயின் துரோனியா, ஃபுரொசொலோனே, தொரெல்லா ஆகிய கிராமங்களும், கலாப்ரியாவின் சான் ஜொவான்னி இன் ஃபியோரேயும் அந்நாளில் ஆண்மக்களை இழந்தன. எனினும் 362 என்னும் எண் கம்பனியின் பதிவேட்டை அடியாகக் கொண்டது. தோண்டிய தொன்னுக்குக் கூலி பெற்ற சுரங்கத் தொழிலாளி, கூடுதலாக அள்ளுவதற்குத் தன் மகனையோ, தம்பியையோ, ஊரிலிருந்து புதிதாக வந்த பையனையோ உடன் அழைத்துச் செல்வது வழக்கம். கம்பனி அவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. ஆகவே அவன் பெயர் அங்கில்லை. உயிரிழந்தோர் 500க்கும் மேற்படுவர் என்று அவ்வூரிற் பல்லாண்டு பணியாற்றிய எவரெற் பிரிக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் வற்புறுத்தி வந்தார்.

நியூயோர்க்கில் ஆலை முதலாளியின் பதிவேடு ஒன்றே பதிவேடன்று. தெருவிருந்தது, அயலவர் இருந்தனர், தொழிற்சங்கம் இருந்தது, தொழிலாளர் பேசிய மொழிகளிற் பத்திரிகைகள் இருந்தன. இறந்தவர் பெயரை உரத்துக் கூறிய வாய்களும் அதனை அச்சேற்றிய கைகளும் கம்பனிக்கு வெளியே இருந்தமையால், நூறாண்டு சென்றும் ஒருவர் அதனைக் கண்டெடுக்க முடிந்தது. மொனொங்காவிலோ வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, எண்ணிக்கையும் கம்பனியுடையது. சுவடிக்கூடம் அதிகாரத்தின் குரல் என்போர் மொனொங்காவை நினைவிற்கொண்டே பேசுகின்றனர். ட்றயங்கிள் தொழிற்சாலைத் தீயை அவர்களது கோட்பாடு விளக்காது. சுவடியின் மௌனம் எங்கும் ஒரே தன்மையதன்று. தொழிலாளர் தமக்கென நிறுவனங்களை அமைத்துக்கொண்ட இடத்திற்கும், அவ்வாறு அமைக்கவொண்ணாத இடத்திற்குமிடையே அது வேறுபடுகின்றது.

அவ்வாறாயின், பெயரில்லாத அந்தச் சிறுவர்களைத் தேடுவதற்கு வழியே இல்லையா? மேற்கு வேர்ஜீனியாவில் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர்கள் பிறந்த கிராமங்களின் குடிசார்ப் பதிவேடுகள் உள்ளன. 1887 முதல் 1897 வரை மொலீசே, கலாப்ரியாக் கிராமங்களிற் பிறந்த ஆண்மக்களை அவ்வேடுகளிலிருந்து எடுத்து, அவர்களுக்கு இருபது வயதாகும்போது எழுதப்பட்ட படைச்சேர்ப்புப் பட்டியல்களோடு ஒப்பிடுதல் வேண்டும். ஊரிலும் விவாகமோ மரணமோ பதியப்படாது, நியூயோர்க்கின் கப்பற் பட்டியலில் 1907க்கு முன் மேற்கு வேர்ஜீனியாவுக்கென்று குறிக்கப்பட்டு, அதன்பின் எந்த அமெரிக்கக் குடிசன மதிப்பிலும் தோன்றாத ஒருவன் உண்டாயின், அவனைத் தனியே எடுத்து எழுதிவைக்க வேண்டும். அவன் இறப்பை யாரும் அறிவிக்காதிருந்தால், அரசு அவனை அழைத்திருக்கும், அவன் வந்திரான், அவன் பெயருக்கு எதிரே, படைச்சேவைக்கு அஞ்சி ஒளித்தவன் என்னும் பொருள்பட, ‘ரெனித்தெந்தே’ என்று எழுதப்பட்டிருக்கும்.